மதிலும் தீச்சுவரும்

இன்று பல வீடுகளில், கூடத்தின் ஒரு மூலையில், சிறு விளக்குகள் மின்ன ஒரு பெட்டி இருக்கக் காண்கிறோம். அதனை ரவுட்டர் என்பர். வெளியே உள்ள இணையத்தையும், வீட்டினுள் உள்ள கணிப்பொறி, கைப்பேசி, தொலைக்காட்சி முதலியவற்றையும் இணைத்து வைப்பது அதுவே. அப்பெட்டி ஒரு வாயிற்காவலனின் பணியையும் செய்கிறது. அங்ஙனமாயின், கணிப்பொறிக்குள்ளும் ஃபயர்வால் எனப்படும் தீச்சுவர் மென்பொருள் ஒன்று வேண்டுமா? வாயிலில் காவலன் நிற்கும்போது அறைக்கு வேறு காவல் எதற்கு? இவ்வாறு பலர் வினவுகின்றனர். இது வீண் வினா அன்று. இதற்கு விடை காண முயல்வோம்.

இணையத்தில் செய்தி செல்லும் முறையை முதலில் அறிதல் வேண்டும். நாம் அனுப்பும் செய்தி எதுவாயினும், அது சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டே செல்கிறது. ஒவ்வொரு பொதியின்மீதும் அனுப்புவோர் முகவரியும் பெறுவோர் முகவரியும் எண்களால் குறிக்கப்பட்டிருக்கும். முகவரியோடு, போர்ட் என்னும் வாயில் எண்ணும் உண்டு. கணிப்பொறியின் முகவரி ஒன்றே ஆயினும், அதன் வாயில்கள் பல. அவை 0 முதல் 65,535 வரை எண்ணிடப்பட்டுள்ளன. ஒவ்வொரு பணிக்கும் ஒரு வாயில் என்பது வழக்கம். சான்றாக, விண்டோஸ் கணிப்பொறிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வது 445ஆம் வாயில் வழியாகும்.

பழைய முறைப்படி இம்முகவரிகள் 32 இரும இலக்கங்களால் ஆனவை. ஆகவே, உலகம் முழுவதற்கும் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. கணிப்பொறிகள் பெருகப் பெருக, இவை போதமாட்டா என்பது தெளிவாயிற்று. 1994ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி முன்மொழியப்பட்டது. அது வளர்ந்து இன்று வீடுதோறும் வழங்கும் முறையாகிவிட்டது. அதன்படி, வீடு முழுவதற்கும் வெளிமுகவரி ஒன்று. உள்ளே இருக்கும் கருவிகளுக்கு, 192.168 என்று தொடங்குவன போன்ற உள்முகவரிகள். இடையே நின்று ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவது ரவுட்டரின் வேலை. இதற்கு முகவரி மாற்றம் என்று பெயர்.

இம்முறையால் எதிர்பாராத நன்மை ஒன்றும் விளைந்தது. உள்ளிருந்து ஒருவர் ஓர் இணையப் பக்கத்தைக் கேட்டால், ரவுட்டர் அதனைத் தன் குறிப்பேட்டில் பதிந்துகொள்கிறது. மறுமொழி வரும்போது குறிப்பேட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கிறது. எவரும் கேளாதிருக்க, வெளியிலிருந்து ஒரு பொதி தானே வந்தால், அஃது யாருக்கு உரியது என்னும் குறிப்பு அங்கே இராது. ஆகவே அப்பொதி வாயிலிலேயே கைவிடப்படும். முகவரிப் பஞ்சத்தைத் தீர்க்க வந்த முறை, காவலாகவும் அமைந்துவிட்டது.

இக்காவலின் அருமையை 2003ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிளாஸ்டர் என்னும் கணிப்பொறிப் புழு பரவத் தொடங்கியது. புழு என்பது தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு, ஒரு கணிப்பொறியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் தீய நிரல். பிளாஸ்டர் 135ஆம் வாயிலைத் தட்டிற்று. விண்டோஸ் எக்ஸ்பி முதலியவற்றில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்தி உள்ளே நுழைந்தது. கணிப்பொறியின் உரிமையாளர் எதையும் திறக்க வேண்டியதில்லை. எதையும் சொடுக்க வேண்டியதில்லை. காவலின்றி இணையத்தோடு நேரே இணைத்து வைத்திருந்தாலே போதும். விண்டோஸ் எக்ஸ்பியில் 2001ஆம் ஆண்டு முதலே ஒரு தீச்சுவர் இருந்தது. ஆனால் அது இயங்காத நிலையில் வைக்கப்பட்டிருந்தது. ஓராண்டு கழித்து, 2004 ஆகஸ்டில் வெளிவந்த இரண்டாம் திருத்தத் தொகுப்பில்தான் அது தானாகவே இயங்குமாறு செய்யப்பட்டது. எனினும், ரவுட்டருக்குப் பின்னால் இருந்த கணிப்பொறிகளை வெளியிலிருந்து அப்புழுவால் நேரே எட்ட முடியவில்லை. ஆகவே, ரவுட்டரே போதும் என்பாரிடத்தும் நியாயம் உண்டு என்பதை நாம் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

ஆனால் அந்நியாயம் முழுமையானதா? தீச்சுவர் என்னும் பெயரையே எண்ணிப் பாருங்கள். கட்டடக் கலையிலிருந்து கணிப்பொறித் துறைக்கு வந்த சொல் அது. ஊரைச் சுற்றி எழுப்புவது மதில். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே, ஒன்றில் பற்றிய தீ மற்றொன்றுக்குத் தாவாதபடி எழுப்புவது தீச்சுவர். 1666ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் லண்டன் மாநகரில் பெருந்தீ மூண்டது. பகைவரைத் தடுக்க அந்நகருக்குப் பழைய மதில் இருந்தது. தீயோ மதிலுக்கு உள்ளே, ஓர் அடுமனையில் தோன்றியது. மரவீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றமையால், நான்கு நாட்களில் ஏறத்தாழ 13,200 வீடுகள் எரிந்துபோயின. மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், வீடுகளைச் செங்கல்லாலோ கருங்கல்லாலோ கட்ட வேண்டும் என்றும், வீடுகளுக்கு இடைப்பட்ட சுவர்கள் இத்துணைக் கனம் இருத்தல் வேண்டும் என்றும் விதித்தது. ரவுட்டர் நமக்கு மதில். கணிப்பொறியினுள் இருப்பதே தீச்சுவர். இரண்டும் ஒன்றல்ல, ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யாது.

இனி, மதிலுக்கு உள்ளே தீ எவ்வாறு வருகிறது என்று காண்போம். முதலாவது, நாமே அதைக் கொண்டுவருகிறோம். 2008 நவம்பரில் தோன்றிய கான்ஃபிக்கர் என்னும் புழு, வலையமைப்பு வழியாக மட்டுமன்றிப் பென் டிரைவ் வழியாகவும் பரவியது. சட்டைப்பையில் வரும் புழுவை ரவுட்டர் எங்ஙனம் தடுக்கும்? உள்ளே வந்தபின், அது பக்கத்துக் கணிப்பொறிகளைத் தேடிச் சென்றது.

இரண்டாவது, வீட்டில் இன்று கணிப்பொறிகள் மட்டும் இல்லை. கண்காணிப்புக் கேமரா போன்ற கருவிகளும் அதே வலையமைப்பில் உள்ளன. 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாது விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடித் தேடிக் கைப்பற்றியது. மேலும், உள்ளிருக்கும் கருவி கேட்டால், வீட்டாரைக் கேளாமலே வாயிலைத் திறந்துவிடும் வசதி பல ரவுட்டர்களில் உண்டு. அதனை யூபிஎன்பி என்பர்.

மூன்றாவது, காவலனே பகைவன் வசம் ஆகலாம். 2018 மே மாதத்தில் விபிஎன்ஃபில்டர் என்னும் தீநிரல் வெளிப்பட்டது. 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் ரவுட்டர்களும் அவை போன்ற கருவிகளும் அதற்கு ஆட்பட்டன என்று ஆய்ந்தோர் கணித்தனர்.

உட்பகை எத்துணை விரைவில் பரவும் என்பதற்கு 2017 மே 12ஆம் நாள் தொடங்கிய வான்னாக்ரை என்னும் புழுவே சான்று. ஒரு கணிப்பொறியைப் பற்றியதும், அது அதே வலையமைப்பில் உள்ள மற்றவற்றின் 445ஆம் வாயிலைத் தட்டிப் பார்த்தது. திறந்த இடத்தில் புகுந்தது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, மீட்புப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அவ்வாயிலை அடைத்து வைத்திருந்த கணிப்பொறியுள் அவ்வழியே அது புக இயலாது. அக்குறையை நீக்கும் திருத்தமோ மார்ச்சு 14ஆம் நாளே வெளியாகியிருந்தது.

முகவரி முறையும் மாறி வருகிறது. ஐபிவி6 என்னும் புதிய முறையில் முகவரிக்கு 128 இரும இலக்கங்கள். பஞ்சம் என்னும் பேச்சுக்கே இடம் இல்லை. வீட்டின் ஒவ்வொரு கருவியும் உலகறிந்த முகவரி பெறலாம். முகவரி மாற்றம் தேவைப்படாது. ஆகவே அதனால் தற்செயலாகக் கிடைத்த காவலும் இராது. ரவுட்டரில் தனியே ஒரு வடிகட்டி அமைந்து, அஃது இயங்கினால்தான் காவல் உண்டு.

மாணவர்களே, உங்களுக்குச் சிறப்பாக உரிய காரணம் ஒன்று உண்டு. உங்கள் மடிக்கணினி வீட்டிலேயே இருப்பதில்லை. கல்லூரிக்கும் விடுதிக்கும் நூலகத்துக்கும் இரயில் நிலையத்துக்கும் உங்களோடு அது வருகிறது. வீட்டு ரவுட்டர் உடன் வருவதில்லை. விடுதியின் வைஃபை வலையில் உங்களோடு நூறு பேர் இருக்கலாம். அவர்களுடைய கணிப்பொறிகள் தூயனவா என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள். அங்கே உங்கள் பாடக் குறிப்புகளுக்கும் பல மாதம் உழைத்து எழுதிய ஆய்வுரைக்கும் அரணாக நிற்பது உள்ளே இருக்கும் தீச்சுவரே.

அங்ஙனமாயின், கடைக்குச் சென்று புதியதொரு தீச்சுவர் மென்பொருளை விலைக்கு வாங்க வேண்டுமா? பெரும்பாலோர்க்கு வேண்டியதில்லை. விண்டோஸில் அது முன்பே உள்ளது, இயங்கியும் வருகிறது. அதனை நிறுத்தாதிருந்தால் போதும். ஆப்பிள் கணிப்பொறிகளிலும் உண்டு. இயங்குகிறதா என்று அமைப்புப் பகுதியில் பார்த்துக்கொள்ளல் நலம். புதிய வலையமைப்பில் சேரும்போது, இது பொது இடமா, சொந்த இடமா என்று விண்டோஸ் கேட்டால், ஐயமுள்ள இடத்தில் பொது இடம் என்றே விடை தருக. விளையாட்டு ஒன்று சரியாக இயங்கவில்லை என்று தீச்சுவரை அடியோடு நிறுத்துவோர் உளர். ஒரு சன்னல் திறக்கவில்லை என்று சுவரையே இடிப்பதற்கு ஒப்பாகும் அது. அவ்விளையாட்டுக்கு மட்டும் வழிவிடுவதே முறை.

உள்ளிருந்து வெளியே செல்வதையும் ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் இசைவு கேட்கும் மென்பொருள்களும் உண்டு. அவற்றால் பயன் சிறிது உண்டு. ஆனால் ஓயாது கேட்கப்படும் மனிதன், நாளடைவில் படித்துப் பாராமலே இசைந்துவிடுகிறான். மேலும், முழு அதிகாரத்தோடு உள்ளே நிலைகொண்ட தீநிரல் தீச்சுவரையே நிறுத்திவிட வல்லது.

தீச்சுவரால் ஆகாதன எவை என்பதையும் மறத்தல் கூடாது. அழையாது வருவோரை அது தடுக்கும். நாமே அழைத்துவரும் தீமையைத் தடுக்காது. அறியாதவர் அனுப்பிய மின்னஞ்சல் இணைப்பைத் திறப்பதும், போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லை இடுவதும் நம் கையால் கதவைத் திறப்பதாகும். திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றல், ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றுதல், அதன் மென்பொருளைப் புதுப்பித்தல், தேவையற்ற யூபிஎன்பி வசதியை நிறுத்துதல், முதன்மையான கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் படி வைத்தல் ஆகியவையும் காவலின் பகுதிகளே.

ஆகவே, ரவுட்டர் இருக்கும்போது தீச்சுவர் வேண்டுமா என்னும் வினாவுக்கு விடை இதுவே: வேண்டும், ஆனால் அதற்காகப் பொருள் செலவிட வேண்டியதில்லை. மதில் ஊருக்குக் காவல். தீச்சுவர் வீட்டுக்குக் காவல். கணிப்பொறியோடு கூடவே வந்த சுவரை இடியாமல் வைத்துக்கொள்வது ஒன்றே நாம் செய்யவேண்டுவது.