பாறையை வெட்டாமல் கட்டிய ஹோட்டல்

மாரி மழைக்கு உங்கள் வளவில் வெள்ளம் எந்தப் பக்கத்தால் வந்து எந்தப் பக்கத்தால் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். வீடு கட்டுமுன் நம் பெரியவர்கள் முதலில் பார்த்ததும் இதைத்தான். இதையே பார்த்துக் கட்டப்பட்ட ஒரு பெரிய ஹோட்டல் மாத்தளை மாவட்டத்தில், தம்புள்ளைக்கு அருகே, கண்டலமக் குளத்தின் ஓரத்தில் இருக்கிறது. அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

அதை வடிவமைத்தவர் நம் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா (1919–2003). சிகிரியாக் குன்றின் அடிவாரத்தில்தான் முதலில் இடம் பார்த்திருந்தார்கள். அவரோ, குன்று தூரத்தே தெரியும் இந்தப் பாறைச் சரிவைத் தெரிவு செய்தார். 1994இல் ஹோட்டல் திறக்கப்பட்டது.

152 அறைகள், ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் நீளம். இவ்வளவு பெரிய கட்டடத்துக்குப் பாறையைத் தகர்த்து நிலத்தை மட்டமாக்கியிருப்பார்கள் என்றுதான் எவரும் நினைப்பர். அப்படிச் செய்யவில்லை. சரிவின் வளைவோடு வளைந்து, தூண்களின் மேல் கட்டடம் நிற்கிறது. மலையிலிருந்து இறங்கும் மழைநீர் அதன் கீழால் ஓடிக் குளத்தைச் சேருகிறது. பாறை சில இடங்களில் நடைபாதையின் ஓரத்துக்கே வந்து நிற்கிறது. அந்த நடைபாதைகள் நம் வீட்டு விறாந்தை போலத் திறந்தவை, காற்று தாராளமாக வரும். கூரையில் மண் பரப்பிச் செடி வைத்திருக்கிறார்கள். முன்புறத்தில் மரச்சட்டங்களில் கொடி படரவிட்டதால் வெயில் நேரே சுவரில் அடிப்பதில்லை. குளத்தின் நடுவிலிருந்து பார்த்தால் காடுதான் முதலில் கண்ணில் படும். (குரங்குகளும் அதைக் காடென்றே எண்ணி மாடங்களுக்கு வந்துவிடுகின்றன!)

ஆனால் இது எல்லோரும் விரும்பி வரவேற்ற ஹோட்டல் அல்ல. 1990களின் தொடக்கத்தில் பிக்குகளும் கிராம மக்களும் எதிர்த்து நின்றார்கள். காடு அழியும், கழிவுநீர் குளத்தில் கலக்கும் என்று அஞ்சினார்கள். குளத்து நீரை நம்பி வயல் செய்பவனுக்கு அது சிறிய விடயமா? இன்று அங்கே கழிவுநீரைச் சுத்திகரித்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சுகிறார்கள். சூழலைப் பேணும் கட்டடங்களுக்குரிய அமெரிக்காவின் 'லீட்' சான்றிதழும் கிடைத்திருக்கிறது. பாராட்டு பெரும்பாலும் பாவாவுக்கே போகிறது. குளத்துக்காகக் குரல் கொடுத்த கிராமத்தவருக்கும் அதில் பங்குண்டு என்பது எங்கள் எண்ணம்.

இது கொங்கிறீற்றுக் கட்டடம், பெருஞ்செலவில் எழுந்தது. அப்படியே பின்பற்றும்படி உங்களுக்குச் சொல்ல வரவில்லை. ஆனால் மீளக்குடியேறும் காணிகளில், டோசர் வந்து மரங்களைப் பிடுங்கி நிலத்தை ஒரே மட்டமாக்கிய பிறகே வீட்டுக்கு நூல் பிடிப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறோம். அடுத்த மாரியில் அடுப்படிக்குள் தண்ணீர். ஆகவே டோசர் வருமுன் நிற்கவேண்டிய மரங்களில் துணி கட்டுங்கள். வெள்ளம் ஓடும் தடத்தில் தடி நட்டு, வீட்டுத்திட்ட அதிகாரியைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அந்தத் தடம் அவருடைய வரைபடத்தில் இராது.