மியூ: 300 பைட் செலவு, 78,000 விண்ணப்பம் வரவு

1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்த ‘போகிமான்’ சிவப்பு, பச்சை விளையாட்டுகளை உருவாக்க ஏறத்தாழ 6 ஆண்டுகள் பிடித்தன. கேம் பாய் கருவியில் செருகும் கேட்ரிட்ஜில் இருந்த இடம் 512 கிலோபைட். அதற்குள் ஊர், காடு, இசை, 150 ஜந்துக்கள் எல்லாம் அடங்கியாக வேண்டும். வேலை முடியும் தறுவாயில், பிழை தேட வைத்திருந்த நிரல்களை நீக்கியதும் சுமார் 300 பைட் மிஞ்சியது. கேம் ஃப்ரீக் நிறுவனத்தின் நிரலாளர் ஷிகெகி மொரிமோட்டோ அந்த இடுக்கில் 151-வது ஜந்துவாக மியூவைச் செருகினார். மொத்த இடத்தில் அது ஏறத்தாழ 1,750-இல் ஒரு பங்கு. சோதனை முடிந்த நிரலில் அதற்குப் பிறகு கைவைப்பது தொழில் தெரிந்த எவரும் அஞ்சும் காரியம்.

ஜந்துவும் அப்படியொன்றும் மிரட்டலானதல்ல. உயரம் 0.4 மீட்டர், எடை 4 கிலோ. ஐந்து ஆற்றல்களுக்கும் தலா 100, ஆக 500. அதன் மரபணுவிலிருந்து உருவானதாகக் கதை சொல்லும் மியூட்டூவின் கூட்டுத்தொகை 590, எடை 122 கிலோ. சண்டைக் கணக்குதான் அன்பைத் தீர்மானிக்கும் என்றால் மியூட்டூவே வென்றிருக்க வேண்டும்.

விளையாடுபவர் கைக்கு மியூ கிடைக்கும்படி எந்த வழியும் வைக்கப்படவில்லை. ஆனால் ஒரு பிழையால் சிலருக்கு அது எதிர்ப்பட்டுவிட்டது; பள்ளிக்கூடங்களில் பேச்சு பரவியது. அடுத்து ‘கொரோகொரோ’ சிறுவர் இதழ் ஒரு குலுக்கலை அறிவித்தது. பரிசு 20 மியூ. வந்த விண்ணப்பங்கள் 78,000. அதாவது 3,900 பேருக்கு ஒன்று. வென்றவர்கள் தங்கள் கேட்ரிட்ஜை அனுப்பி, மியூவை ஏற்றி வாங்கிக்கொண்டார்கள். அதன் பிறகு, முன்பு ஒரு மாதத்தில் விற்ற அளவு விளையாட்டு ஒரே வாரத்தில் விற்றது. பின்னர் அதுவும் 3 மடங்கு, 4 மடங்கு என ஏறியது என்பது தயாரிப்பாளர் ட்சுனேகாசு இஷிஹாரா பின்னாளில் சொன்ன கணக்கு.

என் பார்வையில் இந்தக் கணக்கின் உயிர் அந்த 20-தான். ஒன்றுகூட வெளியே போகாதிருந்தால் வெறும் புரளியாகச் செத்திருக்கும். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்திருந்தால் 151-இல் ஒன்றாகியிருக்கும். இருபது வீடுகளில் நிஜமாகவே இருந்ததால், மற்றவர்கள் தேடுவதற்கு நியாயம் கிடைத்தது. விளையாட்டில் வரும் துறைமுகத்தில் கப்பலருகே நிற்கும் லாரியை நகர்த்தினால் அடியில் மியூ இருக்கும் என்று உலகெங்கும் பிள்ளைகள் முட்டி மோதிப் பார்த்தார்கள். லாரிக்கடியில் இருந்த மியூ: 0. அங்கே செலவான மணிநேரங்களை எந்த நிறுவனமும் விளம்பரக் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது.

வரத்து பின்பு பெருகத்தான் செய்தது. 1998 ஜூலையில் வந்த முதல் திரைப்படத்தில் மியூ வந்தது; அமெரிக்காவில் மட்டும் அந்தப் படத்தின் வசூல் 8.5 கோடி டாலருக்கு மேல். 2003-இல், பழைய கேட்ரிட்ஜின் நிரல்பிழை ஒன்றைப் பயன்படுத்தி 7-ஆம் நிலை மியூவைப் பிடிக்கும் முறை பரவியது. குலுக்கலும் வேண்டாம், தபாலும் வேண்டாம். அருமை போனால் மதிப்பும் போகும் என்பது சந்தை வழக்கம். ஆனால் 2016-இல் ஜப்பானில் 720 ஜந்துக்களிடையே நடந்த வாக்கெடுப்பில் மியூ 3-வது இடம் பிடித்தது. பல ஆண்டுகளாகத் தொடரின் முகமாக நின்ற பிகாச்சுவுக்கு 4-வது. முதலிடம் 36,235 வாக்குகளுடன் கிரெனிஞ்சாவுக்கு.