கயிறு போடும் வட்டிக் கணக்கு

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோவிலின் ராஜகோபுரம் 217 அடி உயரம், பதினொரு நிலை. கடைசியாக 2017 பிப்ரவரி 6 அன்று பெரிய குடமுழுக்கு கண்டது. தமிழ்நாட்டில் கோபுரத் திருப்பணி என்றாலே சவுக்குக் கழியும் கொச்சக் கயிறும்தான். கழியும் கழியும் சந்திக்கிற இடத்தில் ஆணி கிடையாது, போல்ட் கிடையாது; நாலைந்து சுற்றுக் கயிறு, ஒரு முடிச்சு, அவ்வளவே. அந்தச் சாரக் கூட்டுக்குள் உட்கார்ந்துதான் சுதைச் சிற்பத்துக்கு மூக்கு ஒட்டுகிறார்கள், வர்ணம் பூசுகிறார்கள். கீழே கிரிவலம் போகிறவர் அண்ணாந்து பார்த்தால் கேட்கத் தோன்றுவது ஒன்றுதான்: கயிறு நழுவாதா?

நழுவாது, உராய்வு இருக்கிறது என்று பள்ளிக்கூடப் பதிலைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் உராய்வு எவ்வளவு என்று கேட்டால்தான் விஷயம் சுவைக்கிறது.

ஒரு கழியில் கயிற்றை முழுதாக ஒரு சுற்று சுற்றி, ஒரு முனையில் பாரத்தைத் தொங்கவிட்டு மறுமுனையைக் கையில் பிடித்துக்கொள்வோம். உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்துக்கொண்டால், கையில் ஒரு கிலோ அளவுக்கு இழுத்துப் பிடித்தாலே எதிர்முனையில் சுமார் ஆறரைக் கிலோ அசையாமல் நிற்கும். சுற்று இரண்டானால் பதின்மூன்று கிலோ என்று மனம் கணக்குப் போடும். இல்லை, 43 கிலோ. மூன்றாவது சுற்றில் 286. நாலாவது சுற்றில் 1,880 கிலோ. அதாவது ஒரு விரலில் இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்குள் கயிறே அறுந்துவிடும் என்பது வேறு கதை.

காரணம் எளிது. கயிற்றில் இழுவிசை இருப்பதால் அது கழியை அழுத்துகிறது. அழுத்தத்தால் உராய்வு வருகிறது. அந்த உராய்வின் புண்ணியத்தில் அடுத்த துண்டுக் கயிறு இன்னும் கூடுதல் இழுவிசையைத் தாங்குகிறது. ஆகவே அது இன்னும் பலமாக அழுத்துகிறது. ஒவ்வொரு துண்டும் தனக்கு முன்னால் சேர்ந்ததன்மேல் சேர்க்கிறது. வட்டிக்கு வட்டி, வேறொன்றுமில்லை. கையில் பிடித்த ஒரு கிலோ அசல். உராய்வுக் குணகம் வட்டி விகிதம். சுற்றுகள் தவணைக் காலம். கழி பருமனா ஒல்லியா என்பது இந்தக் கணக்கிலேயே வராது. எத்தனை சுற்று என்பது மட்டும்தான் வரும். வட்டிக்காரர் கடனாளியின் இடுப்பளவைப் பார்த்தா வசூலிக்கிறார்?

வட்டிக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. அசல் பூஜ்யமானால் எத்தனை தவணை போனாலும் வட்டியும் பூஜ்யம். கயிற்றின் வால் சும்மா தொங்கினால் நாலு சுற்றும் வீண். யாராவது அந்த வாலைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், அல்லது ஒரு ஜாமீன்தாரர் வேண்டும். அந்த ஜாமீன்தாரர்தான் முடிச்சு. கழியில் ஒரு சுற்று சுற்றி, கயிற்றைத் தன்மேலேயே குறுக்காக ஏற்றி, இரண்டாவது சுற்றுக்கு அடியில் வாலை நுழைத்து இழுக்கிற முடிச்சைப் பாருங்கள். கப்பல்காரர்கள் இதை ‘குளோவ் ஹிட்ச்’ என்கிறார்கள். பந்தல் போடுகிறவர்கள் பெயர் எதுவும் சொல்லாமல் போடுகிறார்கள். இதில் வாலை அமுக்கிப் பிடிப்பது யார்? பாரம் தாங்குகிற அதே கயிறு. பாரம் ஏற ஏற வாலின் மேல் அமுக்கமும் ஏறுகிறது. கடனாளியே தன் கடனுக்கு ஜாமீன் போட்டுக்கொள்கிற தில்லாலங்கடி இது. ரிசர்வ் வங்கி சம்மதிக்காது; இயற்பியல் சம்மதிக்கிறது.

பெஞ்சமின் பேமன் என்ற இயற்பியலாளர் 1977-ல் இதைக் கணக்காக எழுதிக் காட்டினார். அவர் கணக்குப்படி இப்படிப்பட்ட முடிச்சுக்கு உராய்வில் ஒரு வாசல் உண்டு. குணகம் அதைத் தாண்டிவிட்டால், கயிறு அறும்வரை எத்தனை பாரம் ஏற்றினாலும் முடிச்சு நிற்கும். தாண்டாவிட்டால் சிறு பாரத்துக்கே வழுக்கும். ‘இந்த முடிச்சு எத்தனை கிலோ தாங்கும்?’ என்ற கேள்வியே பாதி தவறு. ‘எந்தக் கயிற்றில் போட்டது?’ என்று முதலில் கேட்க வேண்டும்.

வரலாறு இல்லாவிட்டால் கட்டுரை ஆகாது என்பவர்களுக்கு ஒரு பத்தி. சுற்றுக் கணக்கின் சூத்திரம் 18-ம் நூற்றாண்டின் கணிதர் ஆய்லர் பெயரையும், அவருக்குப் பின்வந்த ஜெர்மன் பொறியாளர் ஐட்டல்வைன் பெயரையும் தாங்கி நிற்கிறது. 1867-ல் கெல்வின் பிரபு அணுக்களே, வெளியெங்கும் நிறைந்திருப்பதாக அப்போது நம்பப்பட்ட ஈதரில் விழுந்த முடிச்சுகள் என்றார். அது பொய்த்தது, ஆனால் அதை நம்பி முடிச்சுகளைப் பட்டியலிட்டதில் கணிதத்தில் ஒரு துறை பிறந்தது. அந்தத் துறையின் முடிச்சுக்கு முனையும் இல்லை, உராய்வும் இல்லை. சாரம் கட்ட உதவாது. 1944-ல் கிளிஃபோர்ட் ஆஷ்லி 3,800-க்கும் மேற்பட்ட முடிச்சு விவரங்களை ஒரே புத்தகத்தில் எண் போட்டு அடுக்கினார். ‘ஆய்லருக்கு முன்பே நம் முன்னோர் இந்தச் சமன்பாட்டை அறிந்திருந்தார்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அழித்துவிடலாம். அவர்கள் அறிந்திருந்தது முடிச்சை. அதுவே போதுமான பெருமை.

கொச்சக் கயிறு ஏன்? தேங்காய் நார் சொரசொரப்பானது, மயிர் மயிராக நீட்டிக்கொண்டிருக்கும். வட்டி விகிதம் அங்கே அதிகம். நனைந்தால் முறுக்கேறிய நார்க் கயிறு பருத்து நீளம் குறையும். கட்டு இன்னும் இறுகும். கடைகளில் சுருள் சுருளாகத் தொங்கும் பளபளப்பான பிளாஸ்டிக் கயிறு அறுபடாத பலசாலிதான், ஆனால் வழுக்கும். குணகம் 0.1-க்கு இறங்கினால், முன்பு ஒரே சுற்றில் கிடைத்த பிடி மூன்று சுற்றுக்குப் பிறகுதான் கிடைக்கும். அதே கை, அதே முடிச்சு, வேறு கயிறு என்றால் வேறு விதி.

காற்றும் சும்மா இருக்காது, கட்டை ஆட்டிக்கொண்டே இருக்கும். ஆட்டம் முடிச்சை என்ன செய்யும் என்பதற்குச் செருப்பிலேயே பாடம் உண்டு. 2017-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஷூ லேஸ் ஏன் தானாக அவிழ்கிறது என்று ஆராய்ந்தார்கள். சிரிப்பதற்கு முன் எண்ணைக் கேளுங்கள்: ஓடுகிறவரின் பாதம் தரையில் மோதும்போது முடிச்சின் மேல் விழும் அதிர்வு, புவியீர்ப்பைப் போல ஏழு மடங்கு. மோதல் முடிச்சைத் தளர்த்துகிறது. வீசி ஆடும் நுனிகள் அந்தத் தளர்வை வெளியே இழுக்கின்றன. மணிக்கணக்கில் ஒன்றும் ஆகாது, பிறகு சில நொடியில் அவிழ்ந்துவிடும். 2020-ல் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இழுத்தால் நிறம் மாறும் இழைகளில் முடிச்சுப் போட்டுப் பார்த்தார்கள். குறுக்கிடும் இடங்களில் இழைகள் எதிரெதிர்த் திசையில் முறுக்கிக்கொண்டால் முடிச்சு பூட்டிக்கொள்கிறது. ஒரே திசையில் உருண்டால் நழுவுகிறது. வலது மேல் இடது, பிறகு இடது மேல் வலது என்று போடும் முடிச்சு நிற்பதும், இரண்டு முறையும் வலதையே மேலே போட்டால் அவிழ்வதும் இதனால்தான். பின்னதற்கு ஆங்கிலத்தில் ‘பாட்டி முடிச்சு’ என்று பெயர். பாட்டிகள் மன்னிக்க வேண்டும்.

கோபுரத்தை விட்டு மலைக்கு வருவோம். அண்ணாமலையிலும் குகைகள் உண்டே, அங்கே கயிறு வேண்டாமா? வேண்டாம். ரமணர் ஆண்டுக்கணக்கில் இருந்த விரூபாட்ச குகைக்குப் படியேறி நடந்தே போகலாம். கயிற்றில் உயிரை நம்பித் தொங்க வேண்டிய குகைகள் மேகாலயாவில் இருக்கின்றன. அங்கே சுண்ணாம்புப் பாறையை மழை கரைத்துக் குடைந்ததில் கிரெம் லியாட் பிரா என்ற குகை மட்டும் 30 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. செங்குத்துக் குழிகளில் இறங்கி ஏறும் குகைக்காரர்களின் கயிறு நைலான், அதாவது வழுக்கும் ஜாதி. அவர்கள் நம்பும் பழைய கூட்டாளி, ஆஸ்திரியாவின் கார்ல் புரூசிக் 1931-ல் பிரபலப்படுத்திய முடிச்சு. தொங்கும் தடித்த கயிற்றின்மேல், மெல்லிய கயிற்றுக் கண்ணி ஒன்றை இரண்டு மூன்று சுற்று சுற்றுகிறார்கள். பாரம் இல்லாதபோது கையால் தள்ளினால் நகரும். உடம்பின் எடை விழுந்தவுடன் கவ்வும். இப்படி இரண்டு கண்ணி இருந்தால் ஒன்றில் நின்று மற்றதை மேலே தள்ளி, செங்குத்தாகத் தொங்கும் கயிற்றிலேயே ஏறிவிடலாம். இரண்டு கயிறும் ஒரே தடிமனாக இருந்தால் பிடி கெடும்.

கண்ணியிலும் இரண்டு வகை உண்டு என்பது கார்த்திகை தீபத்தையொட்டி இங்கே கூடும் மாட்டுச் சந்தையில் எந்தப் பையனுக்கும் தெரியும். இழுக்க இழுக்க இறுகும் உருவாஞ்சுருக்கை மாட்டின் கழுத்தில் போட்டால் விடிவதற்குள் மாடு இருக்காது. கழுத்துக்கு இறுகாத கண்ணிதான். ஆளைக் கட்டி இறக்குகிற மீட்புக் குழுவுக்கும் அதே விதி.

இணையத்தில் ‘உலகின் வலிமையான முடிச்சு’ என்று காணொளிகள் குவிந்துகிடக்கின்றன. முடிச்சு எதுவும் கயிற்றுக்குப் பலம் சேர்ப்பதில்லை, குறைக்கத்தான் செய்கிறது. கூர்மையாக வளையும் இடத்தில் வெளிப்பக்க நார்கள் அதிகமாக இழுபட, பாரம் சமமாகப் பங்காவதில்லை. கயிறு பெரும்பாலும் முடிச்சின் வாசலில்தான் அறும். குகைக்காரர் எட்டு வடிவ முடிச்சை விரும்புவதற்குப் பலம் ஒரு காரணம். போட்டது சரியா என்று டார்ச் வெளிச்சத்தில் ஒரே பார்வையில் தெரிந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய காரணம். வேலை முடிந்ததும் அதை அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டியும் ஆக வேண்டும், அடுத்த குழி காத்திருக்கிறது.

சாரக்காரருக்கு அந்தக் கவலை இல்லை. மாதக்கணக்கில் வெயிலும் மழையும் இறுக்கிய முடிச்சை யாரும் அவிழ்த்துக்கொண்டிருப்பதில்லை. சாரம் பிரிக்கும் நாளில் மேலிருந்து அரிவாளால் வெட்டிக்கொண்டே இறங்குகிறார்கள். கழிகள் லாரியில் அடுத்த கோவிலுக்குப் போகின்றன, கயிறு குப்பைக்குப் போகிறது.