பானெட்டுக்குள் பிவிசி பைப்: பொருத்தும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பிளம்பிங் கடையில் மூன்று அங்குல பிவிசி பைப், இரண்டு எல்போ. சென்னையின் புதுப்பேட்டையிலோ ஜி.பி. ரோட்டிலோ ஒரு கோன் ஃபில்டர், நாலு கிளாம்ப். கம்பெனி கொடுத்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு இவற்றை மாட்டினால் எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கும், பிக்கப் ஏறும், மைலேஜும் கூடும் என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் முடிந்துவிடுகிற வேலைதான். ஆனால் அதன் பிறகு எஞ்சின் பழுதானால் செலவு யார் தலையில் விழும் என்பதை அந்த வீடியோக்கள் சொல்வதில்லை. காரை நேசிக்கிற இளைஞர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதால் விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம் என்பது உண்மை. 60 டிகிரி செல்சியஸ் காற்றைவிட 35 டிகிரி காற்று சுமார் 8 சதவீதம் அடர்த்தி கூடியது. அடர்த்தி கூடினால் ஆக்சிஜன் கூடும். அதற்கேற்ப எரிபொருளும் கூடுதலாக எரியும். ஆனால் எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு உங்கள் காரின் பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் காற்று வரும் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அது கிரில்லின் மேல் விளிம்பிலோ, ஹெட்லைட்டின் பின்புறத்திலோ, ஃபெண்டரின் உட்பக்கத்திலோ போய் முடியும். கார் தயாரித்தவர்களே வெளிக்காற்றைத்தான் எடுக்கிறார்கள். நாம் பெட்டியைக் கழற்றிவிட்டு கோன் ஃபில்டரை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே திறந்தபடி நிறுத்தினால், ரேடியேட்டரும் எக்ஸாஸ்ட்டும் சூடாக்கிய காற்றைத்தான் அது இழுக்கும். நினைத்ததற்கு நேர்மாறான பலன்.

அப்படியென்றால் ஓட்டும்போது வித்தியாசம் தெரிகிறதே என்று கேட்பார்கள். தெரிவது பெரும்பாலும் சத்தம். கம்பெனி பெட்டிக்கும் அதோடு சேர்ந்த ரெசனேட்டருக்கும் காற்று உறிஞ்சும் ஓசையை அடக்குவதும் ஒரு வேலை. அவற்றை எடுத்துவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது உறுமல் கேட்கும். சத்தம் கூடினால் வேகமும் கூடியதாகக் காது நம்பிவிடுகிறது. பந்தயக் கார்களில் இன்டேக், எக்ஸாஸ்ட், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இசியு மூன்றையும் சேர்த்து மாற்றி, சக்தியை அளக்கும் டைனோவில் ஏற்றி அளந்து பார்க்கிறார்கள். குழாயை மட்டும் மாற்றிய தினசரிக் காரில் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

கெடுதல் எங்கே வருகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பல கார்களில் ஏர் ஃபில்டருக்கு அடுத்தே காற்றின் அளவை அளக்கும் சென்சார் இருக்கிறது. அதன் பின்னால் உள்ள இணைப்பில் ஒரு நூல் அளவு இடைவெளி விழுந்தாலும் கணக்கில் வராத காற்று உள்ளே போகும், கலவை கெடும், செக் எஞ்சின் விளக்கு எரியும். எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரில் எண்ணெய் கொஞ்சம் அதிகமானால் அது சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்து அளவைத் தப்பாக்கும். எஞ்சினின் எண்ணெய்ப் புகையைத் திரும்ப இன்டேக்குக்கே அனுப்பும் சிறிய பிரீதர் ஹோஸுக்குப் புதுக் குழாயில் இடம் வைக்க மறந்து, அதைத் திறந்தபடியே தொங்கவிடுபவர்களும் உண்டு. அந்தப் புகை நேராக வெளியே போகும். பிவிசியோ தண்ணீருக்காகச் செய்த பொருள். 80 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் அந்தச் சூடு சாதாரணம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து மழைத் தண்ணீர். குளிர்ந்த காற்றுக்காக ஃபில்டரை பம்பருக்குள் கீழே இறக்கி வைப்பது வீட்டில் செய்பவர்களின் வழக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்கு இதை விளக்கத் தேவையில்லை. தண்ணீரை அமுக்க முடியாது. ஓடுகிற எஞ்சினின் சிலிண்டருக்குள் அது போனால், மேலேறும் பிஸ்டன் அதன் மேல் மோதி கனெக்டிங் ராடு வளையும். மெக்கானிக்குகள் ஹைட்ரோலாக் என்று சொல்வது இதைத்தான். கம்பெனி குழாயின் வாயை உயரத்தில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதை முழங்கால் உயரத்துக்கு இறக்கிவிட்டால், சுரங்கப்பாதையில் தேங்கும் தண்ணீரே போதும். தண்ணீரில் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது. தள்ளியோ டோ வண்டியிலோதான் வெளியே கொண்டுவர வேண்டும்.

இனி சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீட்டுக்கு வந்த ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை உறுதியாக வலியுறுத்தியது. ஆர்.சி.யில் ஏர் ஃபில்டர் பற்றி எதுவும் இல்லையே என்று வாதாடுபவர்கள் உண்டு. அது உண்மைதான். ஆனால் அதை நம்பி இறங்குவது புத்திசாலித்தனம் இல்லை என்பது என் கருத்து. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, உதிரிபாகங்களைப் புதிதாகப் பொருத்துவதையும் சேர்த்தே பேசுகிறது. சட்டம் அனுமதிக்காத வகையில் மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். புகை, இரைச்சல் வரம்புகளை மீறினால் 190(2) பிரிவின்படி முதல் தடவைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் பறிபோகும். போலீஸ் போட்ட அபராதம் தவறு என்று நினைத்தால் அதை எதிர்த்து முறையிடும் உரிமை உங்களுக்கு உண்டு.

வாரண்டியில் பலர் தாமாகவே உரிமையை விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். ‘ஃபில்டர் மாத்தியிருக்கீங்க சார், வாரண்டி போச்சு’ என்று சர்வீஸ் சென்டரில் வாய்ப்பேச்சாகச் சொன்னதும் திரும்பி வந்துவிடுகிறார்கள். வாரண்டிப் புத்தகங்கள் பொதுவாக விலக்குவது, மாற்றத்தால் வந்த பழுதைத்தான். ஏர் இன்டேக்கை மாற்றியதற்கும் ஏசி கம்ப்ரஸரோ பவர் விண்டோவோ கெட்டதற்கும் என்ன சம்பந்தம்? உங்கள் புத்தகத்தில் உள்ள வாசகத்தைப் படித்துவிட்டு, எந்த விதியின்படி மறுக்கிறீர்கள், எந்த மாற்றம் எந்தப் பழுதை உண்டாக்கியது என்று எழுத்தில் கேளுங்கள். அதே சமயம் சென்சார், டர்போ, பிஸ்டன் போனால் அவர்கள் பக்கமே வலுவாக இருக்கும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

இன்சூரன்ஸ் இன்னும் நுட்பமானது. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில், தண்ணீர் புகுந்து எஞ்சின் உடைந்ததைத் தொடர் சேதம் என்று சொல்லி நிறுவனங்கள் வழக்கமாக மறுக்கின்றன. அதற்கென்றே எஞ்சின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீடு விற்கப்படுகிறது. அதை எடுத்திருந்தாலும், சொல்லாமல் செய்த மாற்றத்தைச் சர்வேயர் பார்த்துவிட்டால் கிளைம் சிக்கலாகும். ஆகவே எந்த மாற்றம் செய்தாலும் முன்கூட்டியே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

கிளைம் மறுக்கப்பட்டால் மறுப்புக் கடிதத்தையும் சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ நடத்தும் பீமா பரோசா தளத்திலும் புகார் பதியலாம். இதற்கு வெளியே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. ‘பவர் ஏறும்’ என்று உறுதி சொல்லிக் குழாய் மாட்டி, எஞ்சினைக் கெடுத்த கடைக்காரர் மீதும் இதே வழியில் போகலாம். அதற்கு பில் வேண்டும். பில் இல்லாமல் ரொக்கம் கொடுத்துவிட்டு நின்றால் நிரூபிப்பது கஷ்டம். வழி தெரியாதவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.

காற்றோட்டம் கொஞ்சம் நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும்தான் என்றால், கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே அளவாக உட்காரும் தரமான ஃபில்டர் போதும். எதையும் வெட்ட வேண்டியதில்லை, சென்சாரும் அதன் இடத்திலேயே இருக்கும். பல கார்களுக்கு அதுகூடத் தேவையில்லை. அடைந்துபோன பழைய ஃபில்டரை மாற்றினாலே போதுமானது.

ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள் பழைய பெட்டியையும் ரெசனேட்டரையும் எடைக்குப் போட்டுவிடாமல் தேடி எடுத்துத் திரும்ப மாட்டுங்கள். பிரீதர் ஹோஸ் தன் இடத்தில் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, ஸ்கேனரில் பிழைக் குறியீடுகளைப் படித்து அழித்துவிட்டு, புதிதாக பியுசி என்ற புகைச் சோதனைச் சான்றிதழை எடுங்கள். பெட்ரோல் காருக்கான அந்தச் சோதனையில் காற்று, எரிபொருள் விகிதத்தைக் காட்டும் லாம்டா அளவு 1-க்குப் பக்கத்தில், 0.03 கூடக்குறைய நிற்க வேண்டும். காற்றுக் கசிவு இருந்தால் பெரும்பாலும் அந்த எண்ணிலேயே தெரிந்துவிடும். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்களும் விலை பேசுவதற்கு முன் பானெட்டைத் திறந்து, கம்பெனிப் பெட்டி இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். இல்லையென்றால், பழைய பெட்டியைக் கேட்டு வாங்கி மாட்டிய பிறகு மட்டும் முன்பணம் கொடுங்கள்.