மீட்டர்ல 'ஜீரோ' பார்த்தா போதுமா? பெட்ரோலோட ஜாதகத்தையும் பாருங்க!

காளவாசல் பாலம் ஏறும்போது வண்டி திக்கித் திக்கி நிக்குதா? மெக்கானிக் கேட்கிற முதல் கேள்வி, "எந்த பங்க்ல போட்டீங்க?" என்பதுதான். பங்க்கில் நாம எல்லாரும் மீட்டர்ல ஜீரோ பார்க்கிறோம். அது அளவுக்கு. தரத்துக்கு? அதுக்கும் வழி இருக்கு மக்களே. நீங்க கேட்டா, பங்க்கில் இலவசமா டெஸ்ட் பண்ணிக் காட்டணும்.

ஃபில்டர் பேப்பர்: ரெண்டே நிமிஷம்!

நாசில் முனையைத் துடைச்சிட்டு, ஃபில்டர் பேப்பர்ல ஒரு சொட்டு விடச் சொல்லுங்க. நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் ஆவியாகிவிடும். எண்ணெய்க் கறை மிஞ்சினால் சந்தேகம்தான். ஆனா, சீக்கிரம் ஆவியாகிற சால்வென்ட்டைக் கலந்திருந்தா இந்த டெஸ்ட்ல மாட்டாது.

டென்சிட்டி: மதுரை வெயிலை மறந்துடாதீங்க

டேங்கர் லாரியோடு வரும் ரசீதில், 15 டிகிரி வெப்பத்தில் அந்த பெட்ரோலின் அடர்த்தி எவ்வளவுன்னு இருக்கும். பங்க்கிலும் தினமும் காலையில் அளந்து எழுதி வைக்கணும். இரண்டுக்கும் 3 புள்ளி வரை வித்தியாசம் இருக்கலாம்.

இங்கதான் பலர் ஏமாறுவாங்க. ரசீதில் 750 என்று வைத்துக்கொள்வோம். மதியம் 35 டிகிரியில் ஹைட்ரோமீட்டரை விட்டால் 733 பக்கம் காட்டும். உடனே சண்டைக்குப் போகாதீங்க! சூட்டில் பெட்ரோல் விரியும், அடர்த்தி குறையும். தெர்மாமீட்டரையும் பார்த்து, அட்டவணைப்படி 15 டிகிரிக்கு மாற்றிய பிறகும் 3 புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தால் மட்டும் கேள்வி கேளுங்க.

பாட்டிலில் தண்ணீர் வீடியோ நிஜமா?

பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் அடியில் தண்ணீர் அளவு கூடும். 'கலப்படம்'னு வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோ இதுதான். இப்போ விற்கிற பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் இருக்கு. அது பெட்ரோலை விட்டுட்டு தண்ணீரோடு சேர்ந்துக்கும். அவ்வளவுதான். ஆபத்து வேற இடத்தில் இருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் பங்க்கின் நிலத்தடி டேங்க்கில் தண்ணீர் இறங்கினால், எத்தனாலும் அதோடு அடியில் போய்த் தங்கிடும். அதை உறிஞ்சின வண்டி வழியிலேயே நிற்கும்.

லேப் என்ன பார்க்கும்?

சந்தேகம் வந்தால் அதிகாரிகள் சாம்பிள் எடுத்து சீல் வைப்பாங்க. டீலருக்கு ஒரு பங்கு, அதிகாரியிடம் ஒரு பங்கு, லேபுக்கு ஒரு பங்கு. நாளைக்கு யாரும் 'மாத்திட்டாங்க'ன்னு சொல்லக் கூடாதே!

லேபில் பெட்ரோலை மெல்லச் சூடாக்குவாங்க. 210 டிகிரிக்குள் முழுசும் கொதித்து முடியணும். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 300 டிகிரி வரை கொதிக்கும் என்பதால், கலந்திருந்தால் வால் நீளும். அடுத்தது கந்தகம். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 விதிப்படி ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம்தான் இருக்கலாம். அதற்கு முன் 50. மண்ணெண்ணெயில் இது பல மடங்கு அதிகம், அதனால் கொஞ்சம் கலந்தாலும் காட்டிக் கொடுத்துவிடும். கந்தகம் கூடினால் சைலன்ஸர் பக்கம் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரும் கெட்டுப்போகும்.

இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. 2005 நவம்பரில், உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில், கலப்படம் செய்த பங்க்குக்கு சீல் வைத்த இந்தியன் ஆயில் அதிகாரி மஞ்சுநாத் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு வயது 27. நமக்கு ஒரு சொட்டு, ஒரு பேப்பர். அவ்வளவுதான் செலவு.

அடுத்த முறை மாட்டுத்தாவணி பக்கம் டேங்க் நிரப்பும்போது, "அண்ணே, ஃபில்டர் பேப்பர் குடுங்க"ன்னு தயங்காம கேளுங்க. மறுத்தால், அங்கேயே புகார்ப் புத்தகம் இருக்கும். வாங்கி எழுதிட்டு வாங்க!