சிறு சொல் செய்யும் பெரிய வேலை

‘தி லைட் வென்ட் ஆஃப்’ என்றால் விளக்கு அணைந்துவிட்டது என்று பொருள். அப்படியானால் ‘தி ஃபயர் அலாரம் வென்ட் ஆஃப்’ என்றால் என்ன? தீ எச்சரிக்கை மணி நின்றுவிட்டது என்று எண்ணி நீங்கள் அமைதியாக உட்கார்ந்திருந்தால் ஆபத்துதான்! மணி ஒலிக்கத் தொடங்கிவிட்டது, உடனே வெளியேறுங்கள் என்பதே செய்தி.

இவ்வாறு ஒரு வினைச்சொல்லும் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்ற சிறு சொல்லும் சேர்ந்து புதுப்பொருள் தருவதை ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்பர். அயல்நாட்டாருக்கு இவை பெரும் இடர்ப்பாடு தருகின்றன என்று சாமுவேல் ஜான்சன் 1755-ல் வெளியிட்ட தம் அகராதியின் முன்னுரையிலேயே குறிப்பிட்டார். எனவே உங்களுக்குக் கடினமாக இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் இம்முறை நமக்குப் புதியதா? ‘சாப்பிடு’ என்பதற்கும் ‘சாப்பிட்டுவிடு’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். இங்கே ‘விடு’ என்பது செயலின் முழுமையைக் காட்டுகிறது. ‘ஈட் அப்’ என்பதிலுள்ள ‘அப்’ செய்யும் வேலையும் இதுவே. ‘ட்ரை அப்’ என்றால் முழுதும் வற்றுதல். ‘யூஸ் அப்’ என்றால் தீர்த்துவிடுதல். இங்கெல்லாம் ‘மேலே’ என்ற பொருளைத் தேடினால் ஏமாறுவீர்கள்.

பால் கெட்டால் ‘வென்ட் ஆஃப்’ என்பர் ஆங்கிலேயர். நாமும் ‘கெட்டுப்போயிற்று’ என்கிறோம். பால் எங்கே போயிற்று? ‘கிவ் அப்’ என்பதை நாம் ‘கைவிடு’ என்கிறோம். இதில் கைக்கு என்ன வேலை? இரு மொழிகளிலும் சொற்கள் சேர்ந்தபின் பொருள் மாறிவிடுகிறது.

1066-ல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் ஆங்கிலத்தில் ஏராளமாகப் புகுந்தன. லத்தீன் சொற்களும் கல்வியின் வழியாக வந்து சேர்ந்தன. அதனால்தான் ஒரே கருத்துக்கு இரு சொற்கள் கிடைத்தன. ஒத்திப்போடுவதற்கு ஏட்டில் ‘போஸ்ட்போன்’, பேச்சில் ‘புட் ஆஃப்’. பொறுத்துக்கொள்வதற்கு ஏட்டில் ‘டாலரேட்’, பேச்சில் ‘புட் அப் வித்’. பாடநூல் ஆங்கிலம் நன்கு தெரிந்தவரும் பேச்சில் திணறுவதற்கு இது ஒரு காரணம்.

சொல் வரிசையிலும் ஒரு விதி உண்டு. ‘டர்ன் ஆஃப் தி லைட்’, ‘டர்ன் தி லைட் ஆஃப்’ இரண்டும் சரியே. ஆனால் ‘இட்’ போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்கும்: ‘டர்ன் இட் ஆஃப்’. எல்லாத் தொடர்களும் இப்படிப் பிரிவதில்லை. ‘கவனித்துக்கொள்’ என்னும் பொருளுடைய ‘லுக் ஆஃப்டர்’ பிரியாது. ‘லுக் ஆஃப்டர் இட்’ என்றே சொல்லவேண்டும்.

ஆகவே, மாணவர்களே, இவற்றைத் தனிச்சொற்களாக மனப்பாடம் செய்யாதீர்கள். முழு வாக்கியமாகவே குறிப்பேட்டில் எழுதுங்கள். உங்கள் அறிவியல் பாடத்திலிருந்தே தொடங்கலாம்: சோதனையைச் செய்வது ‘கேரி அவுட்’, அமிலத்திலிட்ட துத்தநாகம் ஹைட்ரஜனை வெளியிடுவது ‘கிவ் ஆஃப்’. சோதனைக் கருவிகளைப் பொருத்தி அமைப்பது ‘செட் அப்’. அப்படியானால் ‘செட் ஆஃப்’ என்பது என்ன? அகராதியைப் புரட்டிப் பாருங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட பொருள்கள் காத்திருக்கின்றன!