கண்ணாடியைக் கழற்றுமுன் கருவிழியை அளந்து பாருங்கள்

மகளுக்குத் திருமணப் பேச்சு தொடங்கியதுமே பல வீடுகளில் எழும் முதற்கவலை, அவள் அணிந்திருக்கும் மூக்குக் கண்ணாடியைப் பற்றியதாகவே இருக்கிறது. "லேசர் வைத்தால் பத்து நிமிடத்தில் பவர் போய்விடுமாமே!" என்று உறவினர் ஒருவர் சொல்ல, அதற்கு நாளும் குறித்துவிடுகிறோம். சிறிது நேர வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சிறிது நேரத்தில் கண்ணில் நிகழும் மாற்றம் ஆயுள் முழுதும் நிலைப்பது என்பதை நம்மில் எத்தனை பெற்றோர் கேட்டறிந்திருக்கிறோம்?

கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் மேற்கண்ணாடி போல் வளைந்து அமைந்திருக்கும் படலமே கார்னியா என்னும் கருவிழிப் படலம். அதன் நடுப்பகுதியின் கனம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதல். சுமார் 540 மைக்ரான். கிட்டப்பார்வை உடையோர்க்கு ஒளி விழித்திரைக்கு முன்னதாகவே குவிந்துவிடுகிறது. படலத்தின் வளைவைத் தட்டையாக்கினால் அது சரியான இடத்தில் குவியும். தட்டையாக்குவது எங்ஙனம்? நடுவே செதுக்கித்தான்! 'லாசிக்' முறையில் மேலடுக்கை ஒரு மூடி போல் திறந்து, அடியிலுள்ள திசுவை ஒரு பவருக்கு 12 முதல் 15 மைக்ரான் வீதம் லேசர் நீக்குகிறது. நீங்கிய திசு மீண்டும் வளர்வதில்லை. (சுற்றுப்புறம் கருகாமல் திசுவைச் செதுக்கும் இவ்வித்தையை 1981இல் அமெரிக்காவின் ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தோருள் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ரங்கசாமி ஸ்ரீனிவாசன். விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டில்தான் முதற்சோதனை!)

கணக்கிட்டுப் பாருங்கள். 480 மைக்ரான் கனமே உள்ள ஒருவர் எட்டுப் பவரை நீக்க முனைந்தால், மூடிக்கு 120, லேசருக்கு 120 போக, மிஞ்சுவது 240. குறைந்தது 250 ஆவது எஞ்ச வேண்டுமென்பது மருத்துவர்கள் நெடுநாளாகக் கொண்டுள்ள எல்லை. படலம் வலுவிழந்தால், கண்ணின் உள்ளழுத்தமே அதை மெல்ல முன்தள்ளிக் கூம்பாக்கிவிடும். 'எக்டேசியா' எனப்படும் இக்கோளாறு அரிதே. எனினும் சிகிச்சைக்குப் பல ஆண்டுகள் கழிந்தும் தலைகாட்டக்கூடும். ரைபோஃபிளேவின் சொட்டும் புற ஊதா ஒளியும் கொண்டு அதனைத் தடுத்து நிறுத்த முயல்வார்கள். பழைய வடிவம் முழுமையாகத் திரும்புவதில்லை.

ஆகவே, கனத்தையும் வளைவையும் அளந்து படமெடுக்காமல் நாள் குறிக்காதீர்கள். குடும்பத்தில் எவருக்கேனும் கூம்புக் கருவிழி நோய் இருப்பின், கண்ணைக் கசக்கும் பழக்கம் இருப்பின், ஆண்டுதோறும் பவர் ஏறிக்கொண்டிருப்பின், அதை மறைக்காமல் கூறுங்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும் தேதிக்காகக் கண் காத்திராது.

படலத்தின் நரம்புகள் அறுபடுவதால் சில மாதங்கள் கண் உலர்ந்து உறுத்துவது இயல்பு. சிலருக்கு அது நீடிப்பதுமுண்டு.

இன்னொன்றையும் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள். படலம் மெலிந்தபின் கண்ணழுத்தத்தை அளந்தால், உள்ளதைவிடக் குறைவாகவே கருவி காட்டும். கண்ணழுத்த நோய் கவனத்திலிருந்து தப்பிவிடலாம். முதுமையில் புரை நீக்கி லென்ஸ் பொருத்தும்போதும், வழக்கமான கணக்கு பிசகும். அப்போது மருத்துவர் கேட்பது, சிகிச்சைக்கு முன் எடுத்த அந்த அளவுகளைத்தான். திருமணமாகிச் செல்லும் மகளிடம் அந்தத் தாளின் நகலைக் கொடுத்து, மூலத்தை வீட்டுப் பத்திரத்தோடு வைத்துப் பூட்டுங்கள்.